மூன்று கட்ட ஜெபக்குறிப்பேடு: வாங்குமுன் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள்

தேதி, விண்ணப்பம், பதில் என்று மூன்று கட்டம் போட்டு அச்சடித்த ஜெபக்குறிப்பேடுகளில் அட்டைதான் விதவிதமாக இருக்கும், உள்ளே அமைப்பு ஒன்றுதான். போன மாதம் எதற்காக ஜெபித்தோம் என்பதையே மறந்துவிடுகிறவர்களுக்கு நல்ல கருவி. கோளாறு மூன்றாவது கட்டத்தில் இருக்கிறது.

முதலில் தாளும் கட்டும். மடியில் வைத்து எழுத ஏ5 அளவு போதும். 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளில் ஜெல் பேனா எழுத்து மறுபக்கம் தெரியும். 80 அல்லது அதற்கு மேல் பாருங்கள். வெறும் பசையால் ஒட்டியது விரித்து வைத்தால் நிற்காது, அழுத்தி விரித்தால் முதுகு பிளந்து தாள் உதிரும். தினமும் கைபடும் நோட்டுக்கு நூல்தையலோ ஸ்பைரலோதான் சரி. நாள்வாரியாகத் தேதி அச்சிட்ட பதிப்பு வேண்டாம். நாலு நாள் விட்டுப்போனால் நாலு வெற்றுப் பக்கம் குற்றம்சாட்டும். பலர் அதோடு மூடிவைத்துவிடுவார்கள்.

இனி அந்தக் கட்டம். ஒரு டிக் அடிக்கத்தான் அதில் இடம். மாதக் கடைசியில் புரட்டும்போது பாதி வரிகளுக்கு எதிரே ஒன்றும் இருக்காது. கண் அதைத் தானாகவே "கேட்கப்படவில்லை" என்று வாசித்துவிடும். தேவன் செவிகொடுப்பதும் கேட்டதைக் கேட்டபடி கொடுப்பதும் ஒன்றே என்று இந்த அமைப்பு சொல்லாமல் சொல்கிறது. வேதம் இரண்டையும் கலப்பதில்லை. தானியேல் 10-இல், மூன்று வாரம் துக்கித்திருந்த தானியேலிடம் வரும் தூதன், முதல்நாளிலேயே உன் வார்த்தைகள் கேட்கப்பட்டன என்கிறான். தான் 21 நாள் தடுக்கப்பட்டதையும் சொல்கிறான். தானியேலிடம் இந்த நோட்டு இருந்திருந்தால் அத்தனை நாளும் மூன்றாம் கட்டம் காலி. நீங்கட்டும் என்று இயேசு கெத்செமனே தோட்டத்தில் வேண்டிய பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. ஆனாலும் எபிரெயர் 5:7 அந்த வேண்டுதல் கேட்கப்பட்டது என்றே எழுதுகிறது. பவுல் தன்னை விடாமல் வருத்திய, "முள்" என்று அவர் சொன்ன பாடு நீங்கும்படி மூன்று தரம் வேண்டினார். முள் அப்படியே இருக்க, "என் கிருபை உனக்குப் போதும்" என்ற வார்த்தை வந்தது. இதற்கு டிக் அடிப்பதா, விட்டுவிடுவதா?

போதாததற்குப் பக்கத்தின் தலையில் எப்போதும் வாக்குத்தத்த வசனம்தான். "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்பதற்குக் கீழே காலிக் கட்டம் இரண்டு மடங்கு காலியாகத் தெரியும். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13-ஆம் சங்கீதத்தை யாரும் அங்கே அச்சடிப்பதில்லை. அதுவும் வேதம்தானே!

ஏற்கெனவே வாங்கியிருந்தால் தூக்கிப்போட வேண்டாம். மூன்றாம் கட்டத்தின் தலைப்பை அடித்துவிட்டு "நடந்தவை" என்று எழுதி, அதை அகலப்படுத்துங்கள். பக்கத்துக்கு நாலைந்து விண்ணப்பத்துக்கு மேல் வேண்டாம். விண்ணப்பம் எழுத அதே 13-ஆம் சங்கீதம் நல்ல மாதிரி: ஆறே வசனம், முதல் இரண்டு முறையீடு, அடுத்த இரண்டு வேண்டுதல், கடைசி இரண்டு நம்பிக்கை. அதே வரிசையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும். முறையீட்டு வரியை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். கேட்கிறவர் இருக்கிறார் என்று நம்புகிறவர்தான் முறையிடுவார்.

"குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று எழுதினால் பின்னால் பார்க்க ஒன்றுமில்லை. "அப்பாவும் அண்ணனும் மறுபடி பேச வேண்டும்" என்று எழுதலாம். அதற்காக "வெள்ளிக்கிழமைக்குள் அண்ணனே போன் பண்ண வேண்டும்" என்று வழியையும் நாளையும் வகுத்துக் கொடுத்தால், அப்பா போன் பண்ணியது கண்ணில் படாமலே போகும். பிறருடைய ரகசியங்களுக்கு முதலெழுத்து மட்டும் போடுங்கள்.

வருடம் முடிந்ததும் நிறைவேறாதவற்றைப் புது நோட்டுக்கு மாற்றும்போது பழைய தேதியையே எழுதுங்கள். இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்தியவரும் ஜெபக் கணக்கு எழுதுவதில் பேர்போனவருமான ஜார்ஜ் முல்லர் 1844 நவம்பரில் ஐந்து பேரின் மனந்திரும்புதலுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். முதலாமவருக்கு 18 மாதம், இரண்டாமவருக்கு மேலும் 5 வருடம், மூன்றாமவருக்கு இன்னும் 6 வருடம் பிடித்தது. ஏறக்குறைய 36 வருடம் ஆன பிறகும் மற்ற இருவருக்காக அவர் ஜெபித்துக்கொண்டிருந்தார்.

இதையே செயலியாகச் செய்தவையும் உண்டு. மணியடித்து நினைவூட்டுவது உதவிதான். தொடர்ச்சியாக எத்தனை நாள் ஜெபித்தீர்கள் என்று எண்ணிக் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். அதிக வசனிப்பினால் (நிறையப் பேசுவதால்) கேட்கப்படுவோம் என்று நினைக்கும் பழக்கத்தை மத்தேயு 6:7 கண்டிக்கிறது. அந்த எண்ணிக்கை அதையே வேறு வழியில் வளர்க்கிறது.

புதிதாக ஜெபிக்கப் பழகுகிறவருக்கும் ஜெபக்குழு நடத்துகிறவருக்கும், மேலே சொன்ன திருத்தத்தோடு, தாராளமாக வாங்கலாம். துக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் இதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். அவருக்குக் கட்டமே இல்லாத சாதாரணக் கோடு போட்ட நோட்டு போதும். முதல் பக்கத்தில் வசனம் எழுதித்தர ஆசையானால் 88-ஆம் சங்கீதத்திலிருந்து எடுங்கள். துதியில் முடியாத சங்கீதம் அது, ஆனால் முதல் வரியிலேயே கர்த்தரைக் கூப்பிடுகிறது.