டுடோரியலில் வாய் திறக்க நான்கு வழிகள்: எது யாருக்குச் சரிப்படும்?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் மீடியத்தில் பத்தாவது முடித்துவிட்டு, அப்புறம் மேற்படிப்புக்குச் சிங்கப்பூர், ஆஸ்திரேலியா வரை போகிற பிள்ளைகள் இப்போது உண்டு. முதல் செமஸ்டர் தொடங்கியதும் அவர்களிடமிருந்து வருகிற கேள்வி ஒன்றுதான். "அண்ணா, டுடோரியல்ல பேசினாத்தான் மார்க்காம். எப்பப் பேசணும், என்ன பேசணும்?" டுடோரியல் என்றால் இங்கே டியூஷன் சென்டர் இல்லை, பல்கலைக்கழகத்தில் சின்னக் குழுவாக உட்கார்ந்து பாடத்தை விவாதிக்கிற வகுப்பு; அதை நடத்துகிறவர் டுடோர். நானும் அந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். பிறகு ஆய்வு மாணவனாக இருந்தபோது டுடோரியல் நடத்தி, பங்கேற்பு மார்க் தாளையும் நிரப்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து, பிள்ளைகள் கையாளுகிற நான்கு வழிகளை இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன். முந்திக்கொண்டு பேசுவது, மற்றவர் பேச்சைப் பிடித்துத் தொடர்வது, கேள்வி கேட்பது, வகுப்புக்கு வெளியே ஈடுகட்டுவது.

அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஊரில் 'வகுப்புப் பங்கேற்பு' என்றால் வேறு சங்கதி. காலிக்கட் பல்கலைக்கழகத்தின் 2019 இளங்கலை விதிகளில் இன்டர்னல் மார்க்கில் வகுப்புப் பங்கேற்புக்கு ஓர் இடம் இருந்தது. ஆனால் அதை அளந்தது வருகைப் பதிவேட்டை வைத்து. வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் மார்க். 2024-இல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்த பிறகு இன்டர்னலுக்கு 30, பல்கலைத் தேர்வுக்கு 70 என்று ஆகியிருக்கிறது. இனி வகுப்பில் செய்வதற்கு முன்பைவிடக் கனம் கூடும். இருந்தாலும் பேச்சுக்கென்று தனி மார்க் என்பது நம் பிள்ளைகளுக்குப் புதுசு.

வெளியே போனால் நிலைமை ஊருக்கு ஊர் மாறும். ஆஸ்திரேலியா, சிங்கப்பூர் பக்கம் இருபது பேர் சுற்றி உட்காரும் டுடோரியல் வகுப்பில் பங்கேற்புக்கு 10 சதவீதம் என்பது சாதாரணம். ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் முதலாண்டுப் பாடங்கள் பலவற்றில் பாதி மார்க் வகுப்பில் பேசுவதற்கே போகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு மூன்று பேர் மட்டும் ஆசிரியரோடு உட்கார்ந்து, எழுதி வந்த கட்டுரையை வைத்து வாதாடுவார்கள். அந்தப் பேச்சு பட்ட மதிப்பெண்ணில் சேராது, அதற்குத் தேர்வு தனி. நம் ஐஐஎம் மேலாண்மைக் கல்லூரிகளில் வகுப்புப் பங்கேற்பை, அதாவது 'கிளாஸ் பார்ட்டிசிபேஷன்' என்பதை, 'சிபி' என்று சுருக்கிச் சொல்வார்கள். மார்க்குக்காக எதையாவது உளறுகிறவனுக்கு 'டெஸ்பரேட் சிபி' என்ற பட்டமும் கிடைக்கும். ஆகவே முதல் வாரம் செய்ய வேண்டிய வேலை, பாடத்திட்டத் தாளில் எத்தனை முறை பேசினாய் என்று எண்ணுகிறார்களா, என்ன பேசினாய் என்று பார்க்கிறார்களா என்பதைப் படித்துப் பார்ப்பது.

நான்கு வழிகளையும் ஒரே வகுப்பில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சுற்றுச்சூழல் கொள்கை டுடோரியல் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாரப் பாடம் பிளாச்சிமடை. வெளிநாட்டு வகுப்புகளிலும் அடிக்கடி எடுக்கப்படும் வழக்கு இது. நம் பிள்ளைகளுக்கோ அது பக்கத்து ஊர். சித்தூர் தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்தில் 2000-இல் கோகோ கோலா ஆலை வந்தது. கிணறு வற்றுகிறது, தண்ணீர் கெட்டுப்போகிறது என்று 2002 ஏப்ரலில் ஊர்மக்கள் போராடத் தொடங்கினார்கள். முன்னால் நின்றவர் மயிலம்மா. 2003-இல் பஞ்சாயத்து உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அந்த டிசம்பரில் கேரள உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களுக்குச் சொந்தம், அரசு அதற்குக் காவல் மட்டுமே என்று தீர்ப்புச் சொன்னார். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. 2005-இல் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், அதாவது இரண்டு நீதிபதிகள் சேர்ந்த அமர்வு, அந்தத் தீர்ப்பை ஏற்காமல் ஒரு நாளைக்கு 5 லட்சம் லிட்டர் வரை எடுக்கலாம் என்றது. அப்படியும் ஆலை மறுபடி ஓடவில்லை.

இதில் முந்திக்கொண்டு பேசுகிற வழி எப்படி இருக்கும்? முந்தின இரவே ஒரு பாயின்டை எழுதி வைத்துக்கொள்கிறாய். "இந்த வாரக் கட்டுரை பற்றி யார் தொடங்குகிறீர்கள்?" என்று டுடோர் கேட்டதும் கையைத் தூக்கி, 2003 தீர்ப்பின் சாரத்தை நாலு வாக்கியத்தில் சொல்லி முடிக்கிறாய். இதன் பெரிய லாபம், உன் பாயின்டை வேறு யாரும் அதற்கு முன் சொல்லியிருக்க முடியாது. இரண்டாவது லாபம் நெஞ்சு படபடப்பு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்; மீதி நேரம் நிம்மதியாகக் காது கொடுக்கலாம். வீட்டில் தமிழ், பஸ்ஸிலும் தாலுகா ஆபீஸிலும் மலையாளம், வகுப்பில் ஆங்கிலம் என்று மூன்றுக்கும் நடுவில் வளர்ந்தவனுக்கு வாக்கியத்தை மனதுக்குள் கட்டி முடிக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவனுக்கு இந்த வழி கைகொடுக்கும், ஏனென்றால் வாக்கியம் வீட்டிலேயே தயார்.

நஷ்டமும் உண்டு. எல்லாரும் படித்து வந்ததையே திருப்பிச் சொன்னால் டுடோர் தலையாட்டுவார், தாளில் நடுத்தர மார்க் விழும். வாரா வாரம் இதையே செய்தால் 'படித்துவிட்டு வருகிறான்' என்ற பெயர் கிடைக்கும், 'யோசிக்கிறான்' என்ற பெயர் கிடைக்காது. எண்ணிக்கை பார்க்கிற வகுப்பில் இது போதும். தரம் பார்க்கிற வகுப்பில் பாதிக் கிணறுதான் தாண்டும்.

இரண்டாவது வழி, மற்றவர் பேச்சைப் பிடித்துத் தொடர்வது. மார்க் தாள் நிரப்பிய ஆளாகச் சொல்கிறேன், என் கையில் அதிகம் மார்க் வாங்கியவர்கள் இந்த ரகம்தான். ஒருவர் 2003 தீர்ப்பைப் புகழ்ந்து முடித்ததும், "அவர் சொன்ன தீர்ப்பு 2005-இல் நிற்கவில்லை. ஆனாலும் ஆலை திறக்கவில்லை. அப்படியானால் ஆலையை மூடியது நீதிமன்றமா, பஞ்சாயத்தும் போராட்டப் பந்தலுமா?" என்று ஒருவர் கேட்டால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். மூன்றே வாக்கியம். முன்பு பேசியவரை மதித்தாயிற்று, ஒரு முரணைக் காட்டியாயிற்று, அடுத்து பேச வேண்டியவருக்கு வேலையும் கொடுத்தாயிற்று. பல பல்கலைக்கழகங்களின் மதிப்பீட்டுக் குறிப்பில் உயர்ந்த கட்டத்துக்கு எழுதியிருப்பதும் ஏறத்தாழ இதைத்தான்: மற்றவர் கருத்தை வளர்த்தெடுப்பது.

சிக்கல் வேகத்தில் இருக்கிறது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் பள்ளி வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று வினாடியாக நீட்டினால் பதில்கள் நீளமாயின, அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். பல்கலை டுடோரியலிலும் இடைவெளி அவ்வளவு குறுகலாகத்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் கோப்பதற்குள் பேச்சு இரண்டு ஆள் தாண்டிப் போயிருக்கும். அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. "கொஞ்சம் முன்னால் பேசிய விஷயத்துக்குத் திரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டு ஆரம்பித்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஆங்கிலத்தில் நாக்குக்குப் பழக்கி வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இதே வழியில் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு யாருக்கும் இல்லாத சரக்கு ஒன்று இருக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் புழைக்கு ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் வர வேண்டும். அது வராத வருடத்தில் ஊரில் என்ன பேச்சு நடக்கும் என்று கொழிஞ்சாம்பாறைக்காரனுக்குத் தெரியும். பிளாச்சிமடை வகுப்பில் யாராவது "அங்கே தண்ணீர்த் தட்டுப்பாட்டுக்கு ஆலை மட்டும்தான் காரணமா?" என்று கேட்டால், ஆற்று நீர் குறைந்தால் கிணற்று நீரை நம்பும் வயல்களைப் பற்றி அவன் சொல்லலாம். ஆனால் அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள். 'இதெல்லாம் ஊர்க்கதை, பாடமாகுமா' என்ற கூச்சம். கட்டுரையில் உள்ள வாதத்தோடு கட்டிவிட்டால் அது பாடம்தான். கட்டாமல் எங்கள் ஊர், எங்கள் தாத்தா என்று ஐந்து நிமிடம் போனால் டுடோர் கடிகாரத்தைப் பார்ப்பார், அதுவும் நியாயம்தான்.

கேள்வி கேட்பது மூன்றாவது. தயங்குகிறவர்கள் இதைச் சுலபம் என்று தேர்ந்தெடுக்கிறார்கள். 'டிவிஷன் பெஞ்ச் என்றால் என்ன?' என்கிற கேள்வி போனைத் தட்டினால் தெரிந்துவிடும். அதற்கு மார்க் எதிர்பார்க்கக் கூடாது. 'தனி நீதிபதி மக்கள் சொத்து என்றதை, டிவிஷன் பெஞ்ச் நில உரிமையாளர் கண்ணால் பார்த்திருக்கிறது. இரண்டில் எது பஞ்சாயத்துக்கு அதிக அதிகாரம் தரும்?' என்பது வாதம் அடங்கிய கேள்வி. முதல் வழியைப் போல இதையும் வீட்டிலேயே தயாரித்துக்கொண்டு போகலாம், இரண்டாவதைப் போல வகுப்பை நகர்த்தவும் செய்யும். உச்சரிப்பில் தடுமாறினால்கூடக் கேள்வியை யாரும் குறை சொல்வதில்லை. பதில் சொல்கிற மும்முரத்தில் எல்லாரும் இருப்பார்கள்.

நான்காவது வழி பற்றி அதிகம் சொல்ல இல்லை. வகுப்பில் மௌனமாக இருந்துவிட்டு, முடிந்ததும் டுடோர் பின்னால் போய்ப் பேசுவது, மின்னஞ்சலில் நீளமாக எழுதுவது, மாணவர்களைப் பார்க்க அவர் ஒதுக்கியிருக்கும் நேரத்தில் அவர் அறைக்குப் போய் நிற்பது. பாடம் புரிய இது நல்லது. மார்க்குக்கு மிகச் சுமார், ஏனென்றால் மார்க் தாளில் இருப்பது வகுப்பறைக்குள் நடந்ததற்கான கட்டம். உடல்நிலை, திக்குவாய், கடும் பதற்றம் போன்ற காரணம் இருந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்போது செமஸ்டர் தொடக்கத்திலேயே டுடோரிடமோ மாணவர் உதவிப் பிரிவிடமோ சொல்லிவிட வேண்டும். எழுத்தில் ஈடுகட்டும் ஏற்பாடு பல இடங்களில் கிடைக்கும். கடைசி வாரத்தில் சொன்னால் எடுபடாது.

நாம் தேர்ந்தெடுக்காமலே வருகிற ஒன்றும் உண்டு. கை தூக்காதவரையும் டுடோர் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. பிள்ளைகள் இதை வெறுக்கிறார்கள். எனக்கென்னவோ நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு இதுதான் சௌகரியம் என்று படுகிறது. 'சாரே' என்று எழுந்து நின்று, கேட்டால் பதில், கேட்காவிட்டால் மௌனம் என்று பழகியவனுக்கு, தானாகக் கை தூக்குவது அதிகப்பிரசங்கித்தனம் மாதிரித் தோன்றும். கூப்பிட்டால் அந்தக் கூச்சம் இல்லை. டாலிமோர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்விலும், இப்படி அடிக்கடி கூப்பிடும் வகுப்புகளில் நாளாக ஆகத் தாமாகப் பேசுகிறவர்களும் கூடியதாகத்தான் தெரிந்தது. டுடோரிடம் போய், "என்னை நீங்களே கூப்பிடுங்கள், தயாராக வருகிறேன்" என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. என்னிடம் அப்படிக் கேட்டவர்கள் உண்டு; சந்தோஷமாகக் கூப்பிட்டேன்.

சரி, யாருக்கு எது? ஆங்கிலம் இன்னும் நாக்கில் படியாதவர்கள் முதல் மூன்று நான்கு வாரம் வாதம் அடங்கிய கேள்வியைத் தயாரித்து, முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடட்டும். முந்திக்கொண்டு பேசுவதைவிட இது மேல். உழைப்பு ஒன்றுதான், மார்க் கூடுதல். அதற்குப் பிறகு, மற்றவர் பேச்சைப் பிடிக்கும் வழிக்கு மாற வேண்டும், வாரம் ஒரு முறையானாலும். பேச்சில் கெட்டிக்காரர்களுக்கு நான் சொல்வது வேறு: நீங்கள் ஆறு முறை பேசுவதால் ஆறு மடங்கு மார்க் வராது, மற்றவன் வாய்ப்பைத்தான் தின்கிறீர்கள்.

எந்த வழியில் போனாலும் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் டுடோரிடம் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "என் பங்கேற்பு இதுவரை எந்த அளவில் இருக்கிறது, எதை மாற்ற வேண்டும்?" பெரும்பாலான டுடோர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொண்டை அடைத்தால் மின்னஞ்சலிலேயே கேட்கலாம். இந்த ஒரு விஷயத்துக்கு மின்னஞ்சல் போதும்.