டிரஸ்டட் என்ற ஒரு வார்த்தை: ஸ்பாம் அசாசினோடு ஆறு வருடம்

போன வாரம் கூடப் படித்தவன் போன் செய்தான். "ஆபீசுக்குச் சொந்தமா மெயில் சர்வர் வைக்கப் போறேன்டா. நீ ஸ்பாம் அசாசின்தானே போட்டிருக்க, எப்படி இருக்கு?" ஸ்பாம் அசாசின் என்பது மெயிலுக்கு மதிப்பெண் போட்டுக் குப்பையை ஒதுக்கும் வடிகட்டி மென்பொருள். நல்லா இருக்கு என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அதன் அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் ஃபைலில் இரண்டு வரி ஞாபகத்துக்கு வந்து, அரை மணி நேரம் திட்டித் தீர்த்துவிட்டேன். அதையே இங்கே கொஞ்சம் நாகரிகமாக எழுதுகிறேன்.

பிளாக்லிஸ்ட், அதாவது மெயில் ஏற்கக் கூடாத ஐபி முகவரிகளின் பட்டியல், பார்க்கும் முறை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். அனுப்பியவரின் ஐபியைத் தலைகீழாக எழுதி, பட்டியலின் பெயரைப் பின்னால் ஒட்டி, இணையப் பெயர்களுக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ்ஸில் கேட்பது. பதில் வந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார். அவ்வளவுதான். கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8 வழியாகக் கேட்டால், இந்த மாதிரிப் பட்டியல்களை நடத்தும் ஸ்பாம்ஹாஸ் பதிலுக்கு 127.255.255.254 என்ற பிழை எண்ணைத் தரும்; அதனால் சொந்தமாக அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் மென்பொருளைப் போட்டுக்கொண்டேன். பத்து நிமிட வேலை, குறையே இல்லை.

குறை வேறு இடத்தில். எங்கள் அச்சகத்துக்கு வரும் மெயில் முதலில் விபிஎஸ் என்ற வாடகை சர்வர் ஒன்றில் இறங்கி, பிறகு ஆபீஸ் சர்வருக்கு வரும். வடிகட்டி ஓடுவது ஆபீசில். பிபிஎல் (நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத வீட்டு இணைப்பு போன்ற ஐபிகள்), எக்ஸ்பிஎல் (வைரஸ் பிடித்த கணினிகளின் ஐபிகள்) என்ற ஸ்பாம்ஹாஸ் பட்டியல்கள் இரண்டையும் ஸ்பாம் அசாசின் எல்லா ரிலேக்கும், அதாவது மெயில் கடந்து வந்த எல்லா சர்வருக்கும், கேட்காது. நம் எல்லைக்குக் கடைசியாகக் கொண்டுவந்து கொடுத்த வெளி சர்வருக்கு மட்டும்தான் கேட்கும். எல்லை எது என்று நான் சொல்லவில்லை. அது என் விபிஎஸ்ஸையே வெளியாள் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஐபியையே திரும்பத் திரும்பச் சோதித்து, "சுத்தம்" என்று சான்றிதழ் கொடுத்து, லாட்டரிக்காரன் மெயிலை எல்லாம் உள்ளே விட்டது. கான்ஃபிக்கில் டிரஸ்டட் நெட்வொர்க்ஸ் என்ற வரியில் விபிஎஸ்ஸின் ஐபியைச் சேர்த்ததும் சரியானது. அதற்கப்புறம் மூன்று வருடம் அதைத் தொடவே இல்லை. பாராட்டு என்றால் அந்த மூன்று வருடத்துக்குத்தான்.

பிறகு நானே கையை வைத்தேன். பழைய வாடிக்கையாளர் ஒருவருடைய மெயில் இரண்டு முறை ஸ்பாமில் விழுந்தது. நம்பகமான மனிதர்தானே என்று அவருடைய மெயில் சர்வரையும் டிரஸ்டட் வரியில் சேர்த்தேன். அன்றிலிருந்து அவருடைய எல்லா மெயிலும் ஸ்பாமில்!

ஒவ்வொரு சோதனையையும் காட்டும் டீபக் முறையில் ஓட்டியபோதுதான் புரிந்தது. இன்டர்னல் நெட்வொர்க்ஸ் என்று இன்னொரு வரி இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால், டிரஸ்டட் பட்டியல் அப்படியே அதற்கும் பொருந்திவிடும். ஆக அவருடைய சர்வர் என் எல்லைக்குள் வந்துவிட்டது. அதற்கு வெளியே நிற்பது அவர் வீட்டு பிராட்பேண்ட் ஐபி. லாகின் செய்து அனுப்பினார் என்ற குறிப்பும் மெயில் எங்கிருந்து வந்தது என்று அந்த சர்வர் எழுதும் ரிசீவ்ட் வரியில் இல்லை. வீட்டு இணைப்புகள் பிபிஎல்லில் இருப்பது இயல்பு, தப்பே இல்லை. ஆனால் அந்த ஒன்றுக்கே மூன்றுக்கு மேல் மதிப்பெண். ஸ்பாம் என்று ஒதுக்க ஐந்து போதும்.

டிரஸ்டட் என்றால் "இவர் நல்லவர்" என்று பொருள் இல்லையாம். "இவர் தானாக ஸ்பாம் கிளப்ப மாட்டார், ரிசீவ்ட் வரியில் பொய் எழுத மாட்டார்" என்று மட்டும் பொருளாம். கையேட்டில் இருக்கிறது, உண்மைதான். நான் படிக்கவில்லை, அதுவும் உண்மைதான். ஆனாலும் அந்தப் பெயரை வைத்தவர் மேல் கோபம் இன்னும் தீரவில்லை. அந்த மனிதரின் பிழைதிருத்தப் பிரதி நான்கு நாள் ஸ்பாமில் கிடந்து, கல்யாணப் பத்திரிகை பழைய தேதியோடு அச்சாகி, கல்யாண வீட்டில் நான் வாங்கிய பேச்சு இருக்கிறதே.

இன்டர்னலில் என் விபிஎஸ் மட்டும், டிரஸ்டடில் இரண்டும் என்று பிரித்து எழுதினேன். இரண்டு வருடமாகச் சத்தமே இல்லை.

நண்பனிடம் சொன்னது: வைக்காதே. மாதம் காசு கட்டி எங்கேயாவது வாங்கிக்கொள். "சரி, உன் கான்ஃபிக் ஃபைலை மட்டும் அனுப்பு" என்றான். அனுப்பினேன். இன்டர்னல் வரிக்கு மேலே அன்றைக்கு நான் எழுதி வைத்த கமென்ட்டை மட்டும் அழித்துவிட்டேன். அச்சகக்காரன் சொல்கிறேன், அது அச்சில் ஏற்றக்கூடிய தமிழ் இல்லை.