ஆர்க்டிக் பனியின் வரவுக் கணக்கு: உலகப் பனியாறு கண்காணிப்புச் சேவை பற்றிய மதிப்பீடு

பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பிக்கும் எனக்கு, சூரிச் பல்கலைக்கழகத்திலிருந்து இயங்கும் உலகப் பனியாறு கண்காணிப்புச் சேவையின் தரவுத் தொகுப்பைப் போலப் பயன்பட்ட இலவசச் சேவை வேறில்லை. 1894-இல் தொடங்கிய பன்னாட்டுப் பனியாற்று அளவீட்டின் தொடர்ச்சியாக 1986-இல் உருவான இந்த அமைப்பு, களத்தில் எடுக்கப்பட்ட அளவுகளைத் திரட்டி, எவரும் தரவிறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது.

குளிர்காலத்தில் சேர்ந்த பனியையும் கோடையில் கரைந்ததையும் தனித்தனியாகத் தருவதே இதன் முதன்மையான சிறப்பு. பாபநாசம் அணையின் நீர்மட்டத்தோடு வரத்தும் திறப்பும் தெரிந்தால்தான் நிலைமை விளங்கும் என்பதை நம் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பனியாற்றின் கணக்கும் அத்தகையதே. ஆர்க்டிக்கில் உள்ள நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளில், இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்கிவரும் நீ-ஓலெசுன் அருகிலுள்ள ஆஸ்ட்ரே ப்ரோக்கர்ப்ரேன் பனியாற்றுக்கு, 1960-களின் பிற்பகுதியிலிருந்தே அளவுகள் உள்ளன. குளிர்கால வரவு கூடிக் குறைந்தாலும், பெரும்பாலான ஆண்டுகளில் கோடை இழப்பு அதை மிஞ்சிவிடுவதை மாணவர்கள் தாங்களே வரைபடம் போட்டுக் கண்டார்கள்.

ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் கடும் உழைப்பு இருக்கிறது. உருகல் தொடங்குமுன், வசந்த காலத்தில், மெல்லிய உலோகக் கோலை முந்தைய கோடையின் கெட்டித்த பரப்பில் தட்டும்வரை இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். காற்று பனியை ஓரிடத்தில் வாரி வேறோரிடத்தில் குவிப்பதால், இதைப் பல இடங்களில் செய்ய வேண்டியிருக்கிறது. பிறகு குழி தோண்டி, அடுக்கடுக்காகப் பனியை எடுத்து எடைபோட்டு அடர்த்தியைக் கணிக்கிறார்கள். கனமீட்டருக்கு 350 கிலோ அடர்த்தியுள்ள 2 மீட்டர் பனி, 700 மில்லிமீட்டர் நீருக்குச் சமம். ஊத்து, நாலுமுக்கு, மாஞ்சோலை மழையளவுகளைச் செய்தித்தாளில் படித்து வளரும் எங்கள் பிள்ளைகளுக்கு இந்த அலகு உடனே பிடிபட்டது.

குறைகளும் உண்டு. பல பனியாறுகளுக்கு ஆண்டின் நிகர அளவு மட்டுமே இருக்கிறது. அட்டவணையில் குளிர்கால அளவுக்கான கட்டம் காலியாகக் கிடக்கிறது. உயரமான பகுதிகளில் உருகுநீர் உள்ளிறங்கி மீண்டும் உறைவதால், கோல் தட்டியது எந்த ஆண்டின் பரப்பில் என்ற ஐயம் எழக்கூடும். அட்டவணையின் ஒற்றை எண்ணில் அது தெரிவதில்லை. விளக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஆசிரியர் உடனிருப்பது நல்லது. புதிதாகப் பயன்படுத்துவோர் முழுத் தொகுப்பிலும் இறங்காமல், நான் சொன்ன அந்த ஒரு பனியாற்றின் குளிர்கால, கோடை அளவுகளை மட்டும் முதலில் பிரித்தெடுத்துப் பழகுவது எளிது.