பதின்பருவப் பிள்ளைகளுக்கு இணையப் பாடம்: நாள்பட்ட பயன்பாட்டில் எது தேறியது?

பதின்பருவத்தினருக்கு இணைய விழிப்புணர்வு சொல்லிக்கொடுக்கும் கருவிகள் ஏராளம். முதல் வாரம் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் இரண்டு பிள்ளைகளோடும், வார இறுதி வகுப்புக்கு வரும் 13 முதல் 17 வயதுக்காரர்களோடும் சில வருடங்கள் இவற்றைப் பயன்படுத்தியிருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘இந்த அடையாளம் இருந்தால் போலி’ என்று கற்றுக்கொடுத்த பாடங்கள் எல்லாம் காலாவதியாகிவிட்டன. ‘வெளியே போய் விசாரி’, ‘சிக்கல் வந்தால் உடனே சொல்’ என்று பழக்கிய பாடங்கள் இன்னும் வேலை செய்கின்றன.

காலாவதியானதில் முதலிடம் பூட்டுச் சின்னத்துக்கு. முகவரிப் பட்டையில் பூட்டு இருந்தால் நம்பலாம் என்று எத்தனை கையேடுகள் எழுதின! நமக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாது, அவ்வளவுதான் அதன் பொருள். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்று பூட்டுக்குத் தெரியாது. அந்தப் பூட்டைப் பெற்றுத்தரும் சான்றிதழை மோசடித் தளங்களும் இலவசமாக வாங்கிக்கொள்கின்றன. 2023இல் குரோம் உலாவியே பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்துவிட்டது. அடுத்தது, ‘எழுத்துப்பிழை இருந்தால் மோசடி மின்னஞ்சல்’. இப்போது மோசடிக்காரர்கள் நம்மைவிடச் சுத்தமாக எழுதுகிறார்கள். அப்புறம் ‘படத்தில் விரல்களை எண்ணு’. செயற்கை நுண்ணறிவு ஆறு விரல் வரைந்துகொண்டிருந்த காலத்தில் வகுப்பில் இதற்கு ஏக வரவேற்பு. மென்பொருள் கைகளை ஒழுங்காக வரையக் கற்றதும் பாடம் தலைகீழானது. ஐந்து விரல்தானே இருக்கிறது, அப்போ உண்மைப் படம்தான் என்று வாதாட ஆரம்பித்தார்கள்.

விளையாட்டுகளைப் பொறுத்தவரை, கூகுள் 2017இல் வெளியிட்ட இன்டர்லேண்ட் சின்னப் பிள்ளைகளுக்குப் பரவாயில்லை. 14 வயதுக்காரரிடம் கொடுத்தால் சிரிப்பார்கள். 2018இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கெடுத்து உருவாக்கிய பேட் நியூஸ் வேறு ரகம். அதில் பொய்ச் செய்தி பரப்புபவரே நாம்தான். ஆள்மாறாட்டம், உணர்ச்சியைத் தூண்டுவது, பிளவு உண்டாக்குவது, சதிக்கதை கட்டுவது முதலான ஆறு தந்திரங்களுக்கு ஆறு பதக்கம். பிள்ளைகள் ஒரே மூச்சில் ஆடி முடித்தார்கள். ஆனால் ஒரு பக்கவிளைவு உண்டு. ஆடிய சில வாரங்களுக்கு எதைக் காட்டினாலும் ‘எல்லாம் பொய்’ என்ற தோரணை வந்துவிடுகிறது. ஒழுங்கான செய்தியையும் நம்ப மறுப்பது விழிப்புணர்வாகாது. அதனால் இப்போதெல்லாம் இதை ஆடவிட்டால், அதே நாளில் உண்மையான செய்திகளையும் கலந்து கொடுத்துச் சரிபார்க்கச் சொல்கிறேன்.

சரிபார்ப்பதற்கு நான் பயன்படுத்துவது இணைய எழுத்தறிவு ஆய்வாளர் மைக் கால்ஃபீல்டின் சிஃப்ட் முறை. நான்கே அசைவுகள்: நில், சொல்பவர் யார் என்று பார், இதைவிட நல்ல செய்தி வேறெங்காவது இருக்கிறதா என்று தேடு, மூலத்துக்குப் போ. இதில் இரண்டாவதுதான் தங்கம். ஒரு தளத்தை நம்பலாமா என்று அந்தத் தளத்திடமே கேட்கக்கூடாது, பக்கத்திலேயே இன்னொரு தாவல் திறந்து மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள், 25 கல்லூரி மாணவர்கள் என 45 பேரை வைத்துச் செய்த ஆய்வில் தெரியவந்ததும் இதுதான். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாய்வாளர்களில் பலரும் அழகான முகப்பையும் இலச்சினையையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்களோ பக்கத்தை முழுதாகப் படிக்காமலே வெளியேறி, குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். ‘கவனமாகப் படி’ என்று பள்ளியில் சொல்வதற்கு நேர் எதிரானது இது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் பசிபிக் வடமேற்குப் பகுதியில் மரத்தில் வாழும் ஆக்டோபஸ் அழிந்துவருகிறது என்று 1998 முதல் ஒரு கேலித் தளம் இருக்கிறது. கனெக்டிகட் பல்கலைக்கழக ஆய்வில் ஏழாம் வகுப்பு மாணவர்கள் ஏறக்குறைய எல்லோரும் அதை நம்பினார்கள். இன்றும் பல ஆசிரியர்கள் அதைத்தான் காட்டுகிறார்கள். என் வகுப்பில் அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை. ஒரு மாணவன் அந்த ஆக்டோபஸின் பெயரைத் தேடினான், முதல் முடிவிலேயே கட்டுக்கதை என்று வந்துவிட்டது. வேறு தாவல் திறக்காமல் கண்டுபிடி என்று நிபந்தனை போட்டால்தான் அந்தப் பயிற்சி கடினமாகும். அப்படிப் போடுவது கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதாகும். அதற்குப் பதிலாக, ஒரு தலைப்பில் ஐந்து புத்தகங்களின் பெயரைச் சாட்பாட்டிடம் கேட்டு வாங்கி, அவை ஒவ்வொன்றும் நிஜமாகவே இருக்கிறதா என்று நூலகப் பட்டியலில் தேடச் சொல்கிறேன். இல்லாத புத்தகத்துக்கு ஆசிரியர், வருடம், பதிப்பகம் எல்லாம் அது கூசாமல் சொல்லியிருப்பதைக் கண்டுபிடிக்கும்போது அவர்களுக்கு ஏற்படும் குஷியே தனி.

கடவுச்சொல் பாடம் பொதுவாக அறுவை. நம் மின்னஞ்சல் எந்தத் தகவல் கசிவிலாவது சிக்கியிருக்கிறதா என்று காட்டும், ட்ராய் ஹன்ட் என்ற பாதுகாப்பு வல்லுநர் 2013இல் தொடங்கிய ஹேவ் ஐ பீன் போன்ட் தளம்தான் அதைக் காப்பாற்றியது. எப்போதோ ஆடி மறந்த விளையாட்டுக் கணக்கு கசிந்த பட்டியலில் தன் மின்னஞ்சல் இருப்பதைப் பார்த்தால் யாரும் நிமிர்ந்து உட்காருவார்கள். அதிலேயே கடவுச்சொல்லைச் சோதிக்கும் பக்கமும் உண்டு. ‘இதில் அடித்தால் இவர்களே எடுத்துக்கொள்ள மாட்டார்களா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. நாம் அடிப்பது நம் கணினியிலேயே ஒரு நீண்ட குறியீடாக மாறி, அதன் முதல் 5 எழுத்துகள் மட்டும்தான் வெளியே போகின்றன. அதே 5 எழுத்துகளில் தொடங்கும் கசிந்த குறியீடுகள் திரும்பி வர, ஒப்பிடும் வேலை நம் பக்கத்தில் நடக்கிறது. இதைப் பலகையில் வரைந்து காட்டிய நாள் நல்ல வகுப்பு. அப்புறம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்று என்ற பழைய புத்திமதியை விட்டுவிட்டேன். அமெரிக்கத் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2017லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. நீளமாக வை, ஒன்றையே எல்லா இடத்திலும் வைக்காதே, இரண்டு படிச் சரிபார்ப்பைப் போடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஃபேமிலி லிங்க், ஸ்கிரீன் டைம் மாதிரியான பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகள் இரவில் போனைப் பூட்டவும், பிள்ளைகள் கேட்கும் செயலிகளுக்கு அனுமதி தரவும் உதவும். கற்பிக்கும் கருவியாக மதிப்பெண் கேட்டால் பூஜ்யம்தான். நண்பனின் போன் இருக்கிறது, செயலியைத் தடுத்தால் உலாவியில் அதே தளம் இருக்கிறது. பிள்ளைக்குத் தெரியாமல் குறுஞ்செய்திகளைப் படிக்கும் உளவுச் செயலிகளை நான் எந்த வயதுக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மாட்டிக்கொண்ட பிள்ளை பெற்றோரிடம் வராமல் போவதற்கு அதைவிடச் சிறந்த வழி கிடையாது.

அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களின் முழு பலமும், பெற்றோரிடம் சொல்லப் பிள்ளைக்கு இருக்கும் பயத்தில்தான் இருக்கிறது. அழகான ஒரு முகம், வேகமான நெருக்கம், வேறு செயலிக்கு மாறச் சொல்வது, ஒரு படம், உடனே பணம். பையன்கள்தான் இதில் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள் என்பது பெற்றோர் பலருக்குத் தெரியாது. அதனால் ‘என்ன நடந்திருந்தாலும் சொல், போனைப் பிடுங்க மாட்டேன்’ என்று வீட்டில் முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது சோதிக்கப்பட்டும் இருக்கிறது. விவரம் இங்கே வேண்டாம், வாக்கு நின்றது. செய்ய வேண்டியதை வகுப்பில் ஒத்திகையே பார்க்கிறோம்: பணம் கொடுக்காதே, கொடுத்தால் இன்னும் கேட்பார்கள். உரையாடலை அழிக்காதே, கணக்கின் பெயரையும் மிரட்டல் செய்திகளையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவை. அந்தப் படத்தை மட்டும் ஆதாரம் என்று யாருக்கும் அனுப்பாதே, 18 வயதுக்குட்பட்டவரின் அத்தகைய படத்தைப் பகிர்வதே பல நாடுகளில் குற்றம். புகார் செய்து தடை செய், பெரியவர் ஒருவரிடம் சொல்.

இதோடு டேக் இட் டவுன் சேவையையும் காட்டிவிடுங்கள். அமெரிக்காவின் காணாமல்போன, சுரண்டலுக்கு ஆளான குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023இல் தொடங்கியது, எந்த நாட்டிலிருந்தும் இலவசமாகப் பயன்படுத்தலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. படம் நம் கருவியை விட்டு வெளியே போவதே இல்லை. அதன் டிஜிட்டல் கைரேகை, அதாவது படத்திலிருந்து உருவாகும் ஒரு குறியீடு மட்டும் போகிறது, சேர்ந்திருக்கும் தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்குகின்றன. குறைகளும் உண்டு. சேராத தளங்களில் பலனில்லை, முழு மறையாக்கம் உள்ள, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கக்கூடிய அரட்டைகளுக்குள் எட்டாது. 18 தாண்டியவர்களுக்கு ஸ்டாப்என்சிஐஐ என்ற தனிச் சேவை இருக்கிறது. ஆனால் படம் எடுத்தபோது 18 ஆகவில்லையென்றால், இப்போது வயது என்னவாக இருந்தாலும் டேக் இட் டவுனில்தான் கொடுக்க வேண்டும்.