இரட்டைப் பிளவு லேசர் செட்: ஸ்லைடுக்கு முழு மார்க், ஸ்டாண்டுக்குப் பாதி

650 நானோமீட்டர் சிவப்பு லேசர், பிளவு ஸ்லைடு, ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்டு. பெட்டியில் இவ்வளவுதான். இரண்டு மெல்லிய பிளவுகள் வழியே போன ஒளி, திரையில் வெளிச்சமும் இருட்டும் மாறி மாறி வரும் பட்டைகளாக விழுவதைக் காட்டும் சோதனைக்கான செட் இது.

ஸ்லைடுதான் இதில் உயிர். பிளவுகளின் இடைவெளி 0.25 மி.மீ., ஒவ்வொன்றின் அகலம் 0.05 மி.மீ. திரையை 2 மீட்டரில் வைத்தால் பட்டை அகலம், அதாவது அடுத்தடுத்த இரு வெளிச்சப் பட்டைகளின் நடுவுக்கு நடு தூரம், 5.2 மி.மீ. வர வேண்டும். ஒரே பட்டையை அளந்து ஏமாறாதீர்கள். நடுப்பட்டையை விட்டு எண்ணி, இடப்பக்க நான்காம் வெளிச்சப் பட்டையின் நடுவிலிருந்து வலப்பக்க நான்காம் பட்டையின் நடுவரை அளந்து எட்டால் வகுங்கள், மொத்தம் 41.6 மி.மீ.யை ஒட்டி வரும். ஐந்தாவது பட்டையைத் தேட வேண்டாம், இருக்காது. இடைவெளி அகலத்தைப்போல 5 மடங்கு என்பதால், தனிப்பிளவின் விளிம்பு விளைவு (ஒவ்வொரு பிளவிலும் ஒளி வளைந்து பரவுவது) அந்த இடத்தை இருட்டாக்கிவிடும். ஸ்லைடு துல்லியமாக வெட்டப்பட்டதா என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது.

குறை ஸ்டாண்டில். திருகு இறுகுவதில்லை, லேசர் மெல்லச் சரிகிறது. ஒளிப்பொட்டு ஒரு பிளவின் பக்கம் ஒதுங்கினால் கரும்பட்டைகள் சாம்பலாக வெளுக்கும். பலரும் அலைநீளத்தைச் சந்தேகிப்பார்கள், கோளாறு ஸ்டாண்டில் இருக்கும். அடியில் கனமான மரக்கட்டை வைத்து ரப்பர்பேண்டு போட்டால் நிற்கும். (இந்தச் சோதனைக்குப் பெயர்பெற்ற ஆங்கில விஞ்ஞானி தாமஸ் யங் 1803-இல் சூரிய ஒளியையும் மெல்லிய அட்டையையும் வைத்தே சமாளித்தார்!)

ஸ்லைடின் நடுவில் விரல் படக்கூடாது. ரேகை எண்ணெய் ஒளியைச் சிதறடித்துத் திரை முழுக்கப் புள்ளி தெளிக்கும். லேசரைக் கண்ணுயரத்தில் வைக்காதீர்கள். கையேட்டில் இந்த எச்சரிக்கையே இல்லை, அது பெரிய தவறு.