தெர்மல் பேஸ்ட்டா, டவர் கூலரா?
காரைக்குடிச் சித்திரையில் அறையே 38 டிகிரி இருந்தால், கணினியின் மூளையான பிராசஸரைக் காற்றால் ஆற்றும் எந்தக் கூலரும் அதன் சூட்டை அந்த அளவுக்குக் கீழே இறக்காது. சரி, கணினிச் சூட்டைக் குறைக்க இந்த இரண்டில் எதில் காசு போடுவது?

தெர்மல் பேஸ்ட் என்ற வெப்பம் கடத்தும் பசை மலிவு. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிகளை அடைப்பதுதான் அதன் வேலை. பழையது காய்ந்து இறுகியிருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு வையுங்கள், நல்ல மாற்றம் தெரியும். காயாததை மாற்றிப் பெரிய பயனில்லை.

பிராசஸர் மேல் கோபுரம்போல் நிற்கும் டவர் கூலர் வேறு ரகம். வெப்பக் குழாய்கள் சூட்டை அகலமான தகடுகளுக்குக் கொண்டுபோகும்; பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதை ஆற்றிவிடும். சத்தமும் குறைவு. ஆனால் பல மாடல்கள் 150 மி.மீ.க்கு மேல் உயரம், கணினிப் பெட்டியான கேபினட்டை அளந்துவிட்டு வாங்குங்கள்.

பில் போடும் கணினிக்குப் பேஸ்ட் போதும். வீடியோ எடிட்டிங் என்றால் என் ஓட்டு டவருக்கே. எதுவானாலும் இந்த ஊர்ச் செம்மண் தூசியை அவ்வப்போது ஊதிவிடுங்கள்.