கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குதிரை மருத்துவமனை: சில ஆண்டு அனுபவம்

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், கொழிஞ்சாம்பாறையை அடுத்த எங்கள் ஊரில் ரேக்ளா வண்டிக்கும் திருமண ஊர்வலத்துக்கும் குதிரை வளர்ப்பவர்கள் சிலர் இருக்கிறோம். எல்லையின் இருபுறத்துக் குதிரைகளையும் பார்க்கும் ஒரு தனியார் மருத்துவமனையில்தான் சில ஆண்டுகளாக என் குதிரைகளுக்குச் சிகிச்சை பெறுகிறேன். சிகிச்சையோடு நிறுத்திக்கொள்ளாமல் ஆய்வுக்கும் அவர்கள் உதவுவதே இதை எழுதக் காரணம்.

குடற்புழு மருந்தைக் குறிப்பிட்ட மாதங்களுக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் கொடுத்துவிடுவதே நாங்கள் பழகிய முறை. இங்கோ, ஒரு கிராம் லத்தியில் எத்தனை புழுமுட்டைகள் உள்ளன என்று நுண்ணோக்கியில் எண்ணிய பிறகே மருந்து எழுதுகிறார்கள். வளர்ந்த குதிரைகளில் ஏறத்தாழ 20 விழுக்காடு மட்டுமே மொத்த முட்டைகளில் 80 விழுக்காட்டை வெளியேற்றுகின்றன. மற்றவற்றுக்கும் ஓயாமல் மருந்து கொடுத்தால், அதற்கு அடங்காத புழுக்களே எஞ்சிப் பெருகும். மருந்து கொடுத்து 14 நாள் கழித்து மீண்டும் எண்ணுகிறார்கள். எங்கள் லாயத்தில் பென்பென்டசோல் கொடுத்தும் முட்டைகள் போதிய அளவு குறையாததால் வேறு மருந்துக்கு மாற்றினார்கள். எண்ணிப் பார்த்திராவிட்டால் பயனற்ற மருந்தையே நான் தொடர்ந்து வாங்கியிருப்பேன். உரிமையாளர் எழுத்தில் சம்மதித்தால் இந்தக் கணக்குகள் கால்நடைக் கல்லூரி ஆய்வாளர்களுக்குச் செல்கின்றன. ஆய்வுக்கென்று குதிரைக்குத் தனியாக ஊசி குத்துவதில்லை என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

மனிதருக்கும் தொற்றக்கூடிய கிளாண்டர்ஸ் நோயின் ஐயம் எழுந்தால், இரத்த மாதிரியை ஹிசாரிலுள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தின் பரிசோதனைக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார்கள்.

ரேக்ளாக்காரர்களிடம் முள் கடிவாளத்தைக் கைவிடச் சொல்லி இவர்கள் பேசுவது போல் வேறு எவரும் பேசி நான் கேட்டதில்லை. 1965ஆம் ஆண்டின் வண்டி, பொதி விலங்கு விதிகள் அதைத் தடைசெய்கின்றன என்று சொல்வதோடு, குதிரையின் வாயைத் திறந்து, நாக்கிலும் கடைவாய் ஓரத்திலும் உள்ள புண்களை உரிமையாளருக்கே காட்டுகிறார்கள். சட்டத்தைவிட அந்தப் புண்ணைப் பார்த்து மனம் மாறியவர்கள்தாம் எங்கள் ஊரில் அதிகம்.

கட்டணம் சற்றுக் கூடுதல்தான். முட்டைச் சோதனைக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். குடல்வலிக்கு வயிற்று அறுவை செய்யும் வசதி இங்கே இல்லை. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் மூக்குவழிக் குழாய் செலுத்தி இரைப்பையின் அழுத்தத்தைக் குறைத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். ஆகையால் குதிரையை ஏற்றிச் செல்லும் வண்டிக்காரரின் எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.